இந்தக் கணினி எந்தத் தளத்தோடு பேசுகிறது?

2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி மாலை. கொல்கத்தாவை அடுத்த ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்தின் பஹானகா பஜார் நிலையத்தை நெருங்கியது. பிரதான பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. சாரதி விதிப்படியே, வேகம் குறைக்காமல் வந்தார். ஆனால் தண்டவாளத்தைத் திருப்பும் பொயின்ட் பக்கத்துத் துணைப் பாதையை நோக்கித் திரும்பிக் கிடந்தது. அந்தப் பாதையில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சென்னை சென்ட்ரலில் உறவினர்களுக்காகக் காத்திருந்த பல குடும்பங்கள் அன்றிரவு மருத்துவமனைப் பட்டியல்களைத் தேடத் தொடங்கின.

விபத்தை ஆராய்ந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சதி எதையும் காட்டவில்லை. கம்பிகளைத்தான் காட்டியது. நிலையத்துக்கு அருகிலுள்ள ரயில் கடவையில் மின்சாரத் தடுப்புக்கட்டை மாற்றும் வேலை நடந்திருந்தது. அந்த வேலைக்குத் தரப்பட்ட சுற்று வரைபடம் அந்த இடத்துக்கு உரியதல்ல. பெட்டிக்குள் இருந்த கம்பிகளின் பெயர்ச் சீட்டுகளும் அந்தக் கம்பிகள் உண்மையில் செய்த வேலையோடு பொருந்தவில்லை. இந்தத் தவறு பல ஆண்டுகள் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதம் பிழையான கம்பி இணைப்பால் ஒரு சம்பவம் நடந்தும், மற்ற நிலையங்களைச் சரிபார்க்கவில்லை என்று அறிக்கை குறை கூறியது. விளக்கு ஒரு பாதையைக் காட்டியது, இணைப்பு ரயிலை இன்னொரு பாதைக்கு அனுப்பியது.

இந்தக் கதையை ஆனையிறவு மக்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்கும், 2014 மார்ச் 4ஆம் திகதி பளைக்கும் மீண்டும் வந்தது. இடையில் இருப்பது ஆனையிறவு. அந்தப் பாதையையும் அதன் சமிக்ஞைகளையும் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்டுக் கொடுத்தது. பயணம் செய்பவர் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் அவரும் அல்லர். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் கேட்டார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்க வேண்டும்.

இப்போது வன்னி முழுவதும் இன்னொரு பாதை போடப்படுகிறது. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கணினிப் பதிவின்படி வருகிறது. 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே இணையச் சேவை வழியாக அரச கட்டணங்களைச் செலுத்தலாம். இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை தயாராகிறது. கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கோப்பு அலுமாரிகள் இருந்த இடத்துக்குக் கணினிகள் வருகின்றன. வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் பஹானகாவில் கேட்கப்படாத கேள்வியை இங்கே முதல் நாளிலேயே கேட்டாக வேண்டும்: இந்தக் கணினி எந்தத் தளத்தோடு பேசுகிறது?

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எந்தத் திணைக்களத்தின் தரவுத்தளமும் தனித்து இயங்குவதில்லை. கொடுப்பனவுப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் அடையாள அட்டை விவரத்தை ஒரு சேர்வரிடம் கேட்கும், வங்கிக் கணக்கை இன்னொரு சேர்வரிடம் கேட்கும். மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில் இந்த ஏற்பாட்டை 'லிங்க்டு சேர்வர்' என்கிறார்கள். ஒராக்கிளில் 'டேட்டாபேஸ் லிங்க்' என்று ஒன்று உண்டு. இப்படி ஒருமுறை இணைத்துவிட்டால், கொழும்பில் இருக்கும் ஓர் அட்டவணையைக் கிளிநொச்சியில் இருக்கும் மென்பொருள் தன்னிடமே உள்ளதுபோல வாசிக்கலாம், திருத்தலாம். அனுமதி இருந்தால் அழிக்கவும் செய்யலாம். குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் சேர்த்து வைத்திருக்கும் ஆனையிறவுத் தரைப்பாலம் எத்தகையதோ, இந்த இணைப்பும் அத்தகையது. ஒடுக்கமான ஒரு வழிதான், ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் மறுபக்கம் முழுவதற்கும் போகலாம். அந்த வழியின் பெறுமதியை இந்த மண்ணுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

ஒழுங்காக வேலை செய்யும் எந்த நிறுவனமும் ஒரே மென்பொருளை இரண்டு இடங்களில் வைத்திருக்கும். ஒன்று புதிய வசதிகளை எழுதிப் பார்க்கும் சோதனைத் தளம், கணினிக்காரர்கள் 'டெவ்' என்பது இதைத்தான். மற்றது மக்களின் உண்மையான விவரங்களோடு இயங்கும் நேரடித் தளம், அதை 'புரொடக்ஷன்' என்பார்கள். சோதனைத் தளத்தில் ஆயிரம் பேரின் கொடுப்பனவை நிறுத்திப் பார்க்கலாம், மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். யாருக்கும் நட்டமில்லை.

சிக்கல் பிரதி எடுக்கும்போது வருகிறது. சோதனை உண்மையைப் போல இருக்க வேண்டும் என்பதற்காக நேரடித் தளத்தின் பிரதியை அப்படியே எடுத்துச் சோதனைச் சேர்வரில் வைப்பார்கள். தரவோடு சேர்ந்து அதற்குள் எழுதியிருக்கும் நிரல்களும் வருகின்றன. எஸ்.கியூ.எல். சேர்வரில் தூரத்து அட்டவணையின் முழு முகவரி நான்கு துண்டாக எழுதப்படும்: சேர்வரின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், ஸ்கீமா, அட்டவணை. இந்த முகவரி நூற்றுக்கணக்கான நிரல்களுக்குள் நேரடியாகப் பதிந்து கிடந்தால், பிரதி எடுத்த பிறகும் அவை பழைய சேர்வரையே கூப்பிடும். சோதனை அறையில் உட்கார்ந்து பொய்ப் பெயர்களை அழிப்பதாக நினைக்கும் இளைஞர், இணைப்பின் மறுமுனையில் உண்மையான மனிதரின் பதிவை அழித்துக்கொண்டிருப்பார். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இதற்கு நல்ல வழிகள் உண்டு. இரண்டு தளங்களிலும் இணைப்புக்கு ஒரே புனைபெயர் வைத்து, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மை முகவரியை மட்டும் இடத்துக்கு ஏற்ப மாற்றுவது ஒரு வழி. நிரலில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை. எஸ்.கியூ.எல். சேர்வர் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'சினொனிம்' என்ற வசதியும் இருக்கிறது. தூரத்து அட்டவணைக்கு உள்ளூர்ப் பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டால், தளம் மாறும்போது அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். இவற்றைச் செய்ய ஒரு குழுவுக்குச் சில நாள் கூடுதல் உழைப்பு தேவை, பெரிய செலவு இல்லை.

ஆனால் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் என்றால், வேலை செய்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது பெயரிலிருந்து தெரியாது. பஹானகாவில் பெயர்ச் சீட்டை நம்பியவர்களுக்கு நேர்ந்தது இங்கேயும் நேரலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பிக் காவல் அமைக்க முடியாது. சோதனைச் சேர்வர் எத்தனை முறை கூப்பிட்டாலும் நேரடிச் சேர்வர் பதில் தராதபடி வலையமைப்பிலேயே வழியை அடைக்க வேண்டும். இணைப்புக்குள் முழு அதிகாரமுள்ள கணக்கின் கடவுச்சொல்லைப் பதித்து வைப்பது பல இடங்களில் பழகிப்போன சோம்பல். அதைக் கைவிட்டு, இரண்டு தளங்களுக்கும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு கடவுச்சொல் வைக்க வேண்டும். வாசிக்க மட்டும் தேவையுள்ள இணைப்புக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும். தவறு செய்பவரைத் தேடித் தண்டிப்பதைவிடத் தவறே நடக்க முடியாத ஏற்பாடு மேலானது.

எவ்வளவு கெட்டிக்காரர்களுக்கும் இது நேரும் என்பதற்கு கிட்லாப் நிறுவனம் சாட்சி. உலகெங்கும் உள்ள மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் இடம் அது. 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, நீண்ட வேலைக்குப் பிறகு களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர், துணைச் சேர்வரில் இருந்த பழைய தரவுக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மைச் சேர்வரில் அழித்துவிட்டார். இரண்டு சேர்வர்களின் பெயருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம். ஓரிரு வினாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 கிகாபைட் அளவில் இருந்த தரவு 4.5 கிகாபைட்டாகச் சுருங்கிவிட்டது. பிரதிகளைத் தேடினார்கள். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருப்பதாக நம்பியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பிரதி எடுக்கும் கருவி தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைத் தளத்துக்காக அதே பொறியியலாளர் எடுத்து வைத்திருந்த பிரதி.

அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பி வரவில்லை. ஆனால் கிட்லாப் செய்த ஒரு காரியத்தை இலங்கை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பொறியியலாளரைக் குற்றவாளியாகக் காட்டவுமில்லை.

கணினிக் கோளாறு எப்படி இருக்கும் என்பதில் சென்னைவாசிகளுக்கும் அனுபவம் உண்டு. 2022 மே மாத இறுதியில், தியாகராய நகரில் எச்.டி.எஃப்.சி. வங்கிக் கிளையொன்றின் வாடிக்கையாளர்கள் சுமார் 100 பேரின் கணக்கில் தலைக்கு 13 கோடி ரூபாய் வரவாகியிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. மென்பொருள் திருத்தம் ஒன்றைப் போடும்போது ஏற்பட்ட கோளாறு என்று வங்கி விளக்கியது. கணக்குகளை முடக்கிச் சரிசெய்ய வங்கிக்கு ஆட்களும் பலமும் இருந்தன.

ஆட்களும் பலமும் இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகள் அரச கணினி மேகத்திலிருந்து அழிந்துபோயின. நாட்டுக்குள் வரும் மருந்துகளின் பதிவு சம்பந்தப்பட்ட தரவுகள் அவை. அமைப்பைப் பராமரித்த தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது, விவகாரம் நீதிமன்றம் போனது. தவறுதலா, வேண்டுமென்றா என்ற சர்ச்சை பெரிதாக எழுந்தது. அதைவிடப் பெரிதாக எழுந்திருக்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே ஒருவரின் கையால் ஒரு நாட்டின் மருந்துப் பதிவுகள் அழியக்கூடியதாக அந்த அமைப்பை யார் விட்டு வைத்தார்கள்?

இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, அதே அரச மேகத்தின் மீது கப்பம் கேட்கும் கணினித் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. காப்புப் பிரதிகள் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அவையும் பூட்டப்பட்டுவிட்டன, அந்தக் காலத்துக்குரிய, வலையமைப்புக்கு வெளியே தனியாக வைத்த பிரதி இல்லை. இது சோதனைத் தளத்தின் தவறு அல்ல, வெளியார் தாக்குதல். ஆனாலும் நோய் ஒன்றுதான். பிரிந்து இருக்க வேண்டியவை இணைந்திருந்தன.

கொழும்பின் அலுவலகம் ஒன்று மூன்று மாத மின்னஞ்சலை இழந்தால் அது சங்கடம். வன்னிக் குடும்பம் ஒன்றின் பதிவு போனால் அது வேறு கதை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடி, பின் முகாம்களில் அடைபட்டு வெளியே வந்த மக்களில் எத்தனையோ பேரின் கையில் காணி உறுதி இல்லை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை. எரிந்தவை, பங்கருக்குள் புதைந்தவை, நந்திக்கடல் நீரில் நனைந்து கூழானவை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நடமாடும் சேவைகள் ஊர் ஊராக வந்தன. ஒரு பிள்ளையின் பிறப்பை நிரூபிக்கத் தாய் சாட்சிகளைத் தேடி அலைந்த காலம் அது. தான் இருக்கிறேன் என்பதைத் தாளில் நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற மக்களிடம் போய், கணினியில் உங்கள் பெயர் இல்லை என்று இரண்டாம் முறை சொல்லக் கூடாது.

பதிவு இல்லாமை எப்படிக் காணியையே விழுங்கும் என்பதற்கும் அண்மை உதாரணம் உண்டு. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகும் என்றது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கும் அதில் அடக்கம். எதிர்ப்பு எழுந்தது, ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் பின்வாங்கியது. தடை வந்திராவிட்டால், உறுதியைப் போரில் தொலைத்தவர் எதைக் காட்டி உரிமை கோரியிருப்பார்?

இதனால்தான் டிஜிட்டல் பதிவு வேண்டாம் என்று இந்த மண்ணில் யாரும் சொல்ல முடியாது. நெருப்பிலும் நீரிலும் அழியாத, பல இடங்களில் பிரதி வைக்கக்கூடிய பதிவு மற்றெவரையும்விட வன்னி மக்களுக்கே அதிகம் தேவை. ஆகவே அது ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கே அதிகம்.

அஸ்வெசுமவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டம் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் குவிந்தன. அவற்றில் எத்தனை அளவுகோலின் பிழை, எத்தனை பதிவின் பிழை என்பதைக் கிராம அலுவலர் முன் நிற்கும் விதவைத் தாயால் அறிய முடியாது. "சிஸ்டத்தில் இல்லை அம்மா" என்ற பதிலோடு அவர் பஸ் ஏறித் திரும்புகிறார். சிஸ்டத்தில் ஏன் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் பளையிலும் இல்லை, கண்டாவளையிலும் இல்லை. இந்தத் தூரமே பெரிய அநியாயம்.

சோதனைத் தளத்துக்கு உண்மையான மக்களின் விவரங்களை அப்படியே அனுப்புவதும் நிற்க வேண்டும். ஒப்பந்த நிறுவனங்களின் மடிக்கணினிகளில் வன்னி மக்களின் அடையாள அட்டை இலக்கமும் வருமானமும் தொலைபேசி எண்ணும் சுற்றித் திரிய எந்த நியாயமும் இல்லை. பெயரையும் இலக்கத்தையும் மாற்றிய பிரதியை வைத்துச் சோதிக்கலாம், அதற்கான கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. சோதனைத் தளத்தில் உண்மையான முகவரிகள் இருந்தால் என்னவாகும் என்பதை எச்.பி.ஓ. மெக்ஸ் 2021 ஜூனில் காட்டியது. ஒரு சோதனை மின்னஞ்சல் உண்மையான சந்தாதாரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. அது வெற்று மின்னஞ்சல் என்பதால் உலகம் சிரித்துவிட்டு விட்டது. உங்கள் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது என்ற சோதனைக் குறுஞ்செய்தி விசுவமடுவில் ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது வெட்கக்கேடு.

இணைப்பை மாற்றியவரே அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திடும் வழக்கமும் ஒழிய வேண்டும். 1988 டிசெம்பர் 12ஆம் திகதி லண்டனின் கிளப்பம் சந்தியில் ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சமிக்ஞை அறையில் புதிய கம்பியை இணைத்த தொழில்நுட்பவியலாளர் பழைய கம்பியை வெட்டிக் கட்டாமல் விட்டிருந்தார். அது தொட்டுக்கொண்டதால் சிவப்பாக இருக்க வேண்டிய விளக்கு சிவப்பாக மாறவில்லை. அவர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை எடுத்திருந்தார். கம்பிகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டிய இரண்டாம் ஆள் எண்ணவில்லை. தரவுத்தளத்திலும் இதே இரண்டு அபாயங்கள் உண்டு: பழைய இணைப்பு துண்டிக்கப்படாமல் கிடப்பது, களைத்த ஒருவர் தனியாக நள்ளிரவில் வேலை முடிப்பது.

டிஜிட்டல் பொருளாதார அமைச்சு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றை நிபந்தனையாக எழுதட்டும். சோதனைத் தளத்திலிருந்து நேரடித் தளத்துக்கு எந்த வழியும் திறந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பும் எங்கே போகிறது என்ற பட்டியல் திணைக்களத்தின் கையில் இருக்க வேண்டும், ஒப்பந்தகாரரின் தலைக்குள் மட்டும் இருந்தால் போதாது. காப்புப் பிரதியிலிருந்து தரவை உண்மையாகவே மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகை ஆண்டுதோறும் நடக்க வேண்டும். தரவு இழப்பு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் மொழியில், வடக்கில் தமிழில், அறிவிக்க வேண்டும்.

வாசகர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கொடுப்பனவு, காணி, பிறப்பு விவரங்களை வைத்திருக்கும் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்க்கப்பட்டது, சோதனைக்கு உங்கள் உண்மை விவரம் பயன்படுகிறதா என்று மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.